பிள்ளைகளுக்குப் புது பாஸ்போர்ட் வந்தாச்சு, ஓசிஐ கார்டில் பழைய நம்பர்: ஆனிக்கு ஊருக்கு வரலாமா?

கல்லிடை அப்பளம் கேட்டது:

அண்ணாச்சிமாருக்கும் அக்காமாருக்கும் வணக்கம். நெல்லையப்பர் ஆனித் தேரோட்டத்தை ஒட்டிப் பிள்ளைகளோடு ஊருக்கு வாரோம். நியூவர்க்கில் ஏறி, தோஹாவில் மாறி, திருவனந்தபுரத்தில் இறங்குறோம். நானும் வீட்டுக்காரரும் இன்னும் இந்திய பாஸ்போர்ட்தான். பிள்ளைகள் ரெண்டும் நியூ ஜெர்சியில் பிறந்தவை, அமெரிக்க பாஸ்போர்ட். மூத்தவளுக்கு 11, சின்னவனுக்கு 6. கைக்குழந்தையா இருந்தப்பவே ரெண்டு பேருக்கும் ஓசிஐ கார்டு (வெளிநாட்டுக் குடியுரிமை உள்ள இந்திய வம்சாவளியினர் தனி விசா இல்லாம இந்தியா வந்துபோறதுக்கான அட்டை) எடுத்தாச்சு.

சின்னவனுக்கு முதல் பாஸ்போர்ட் முடிஞ்சு, போன மாசம் புதுசு வந்திருக்கு. மூத்தவ இப்ப மூணாவது பாஸ்போர்ட்டில் இருக்கா. நடுவில் இருந்த ரெண்டாவதை ஓசிஐ தளத்தில் காட்டவே இல்லை. கார்டில் இருக்கிறது முதல் பாஸ்போர்ட் நம்பரும், மொட்டை போட்ட தலையோட ஒரு போட்டோவும்தான்.

புதுக் கார்டு எடுக்காம விமானத்தில் ஏத்த மாட்டாங்கன்னு சிலர் சொல்லுதாங்க. ஊரில் ஒரு ஏஜென்ட் ஆளுக்கு 8,000 ரூபாய் கேக்காரு, "அங்கேயிருந்து செய்ய முடியாது, வந்த பிறகு திருநெல்வேலி பாஸ்போர்ட் ஆபீஸில் முடிச்சுத் தாரேன்"னு பேச்சு. இது உண்மையா? நாங்களே செய்யலாம்னா எங்கே, எப்படி? சின்னவனுக்கு ஒழுங்கா கையெழுத்துப் போடத் தெரியாது, அதுக்கு என்ன செய்ய?


குறுக்குத்துறை படித்துறை பதில்:

தங்கச்சி, முதலில் அந்த 8,000 ரூபாயைப் பையிலேயே வையுங்க. நீங்க செய்ய வேண்டிய வேலைக்கு அரசுக் கட்டணமே கிடையாது.

புதுக் கார்டு எடுக்கச் சொல்கிறவர்கள் பழைய விதியை வைத்துப் பேசுகிறார்கள். 20 வயது வரை ஒவ்வொரு புது பாஸ்போர்ட்டுக்கும் ஒரு புதுக் கார்டு, 50 வயதுக்குப் பிறகு இன்னொரு தடவை என்று முன்பு இருந்தது. 2021 ஏப்ரல் 15 அன்று உள்துறை அமைச்சகம் இதைத் தளர்த்திவிட்டது. இப்போது 20 வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்குப் புது பாஸ்போர்ட் வந்தால், அதன் நகலையும் புதிதாக எடுத்த போட்டோவையும் ஓசிஐ இணையதளத்தில் ஏற்றினால் போதும். கார்டு அதேதான். அரசுப் பதிவேட்டில் பாஸ்போர்ட் எண்ணும் முகமும் மாறும், கையில் இருக்கும் கார்டில் ஓர் எழுத்தும் மாறாது. பதிவேற்றி முடித்துவிட்டுப் புதுக் கார்டு தபாலில் வரும் என்று காத்திருப்பவர்கள் நிறையப் பேர். அப்படி எதுவும் வராது.

கார்டையே மாற்றுவது, 20 வயது நிறைந்த பிறகு எடுக்கும் முதல் பாஸ்போர்ட்டின்போது, ஒரே ஒரு முறை. குழந்தை முகம் போய்ப் பெரிய ஆளின் முகம் பதிவாக வேண்டும் என்பதுதான் அதற்குக் காரணம்.

கெடு: புது பாஸ்போர்ட் கைக்கு வந்து மூன்று மாதத்துக்குள் ஏற்ற வேண்டும். சின்னவன் கெடுவுக்குள் இருக்கிறான். மூத்தவளுக்குக் கெடு தாண்டியிருந்தாலும் அப்படியே விட்டுவிட வேண்டாம், இரண்டு பேருக்கும் ஒரே நாளில் போட்டுவிடுங்கள். அந்த 2021 அறிவிப்பிலேயே இன்னொரு வரியும் இருக்கிறது: புது பாஸ்போர்ட் வழங்கிய நாளிலிருந்து, ஏற்றிய ஆவணங்கள் ஏற்கப்பட்டதாக இறுதி ஒப்புகை வரும் நாள் வரை, இந்தியாவுக்கு வரவோ போகவோ தடை இல்லை. ஆகவே ஜூனுக்குள் ஒப்புகை வரவில்லை என்றாலும் டிக்கெட்டை ரத்து செய்ய வேண்டியதில்லை.

தளம் ஓசிஐசர்வீசஸ் டாட் ஜிஓவி டாட் இன். கடைசியில் ஜிஓவி டாட் இன் இல்லாத எதிலும் பிள்ளைகள் விவரத்தைத் தட்டாதீர்கள். தேடினால் முதலில் வருவது பல நேரம் கட்டணம் வாங்கும் தனியார் பக்கம்தான். 2013 முதல் ஓடிக்கொண்டிருந்த பழைய தளத்தை மாற்றி 2025 மே மாதம் புதுசு திறந்தார்கள். இதில் முதலில் கணக்குத் தொடங்க வேண்டும். பாதியில் விட்ட விண்ணப்பம் உங்கள் முகப்புப் பக்கத்திலேயே நிற்கும், அனுப்பும் முன் எந்த இடத்திலும் திருத்தலாம், போட்டோவையும் கையெழுத்தையும் வெட்டிச் சரிசெய்யும் கருவியும் உள்ளேயே இருக்கிறது. பழைய தளத்தின் படங்களை வைத்து விளக்கும் வீடியோக்களைப் பார்த்துச் செய்தால் குழம்பிப்போவீர்கள்.

உள்ளே போய் ஓசிஐ மிசலேனியஸ் சர்வீசஸ் பகுதியைத் திறங்கள். தப்பு நடப்பது இங்கேதான். கட்டணமில்லாத பதிவேற்றம் ஒன்று, கட்டணத்தோடு கார்டை மறுபடி வழங்கக் கேட்பது இன்னொன்று. 'ரீ-இஷ்யூ' என்பதைத் தேர்ந்துவிட்டால் 25 டாலர், அதற்கு மேல் சேவை மையக் கட்டணம், தபால் செலவு என்று ஒரு தேவையில்லாத சோலிக்குள் போய்விடுவீர்கள். 20 வயதுக்கு உட்பட்டோருக்கும் 50 தாண்டியோருக்குமான இலவசச் சேவை என்று எழுதியிருப்பதைத்தான் எடுக்க வேண்டும்.

அடுத்து பிள்ளையின் பழைய பதிவைத் தேடி எடுக்கத் தளம் விவரம் கேட்கும். இங்கே கொடுக்க வேண்டியது ஓசிஐ பதிவேட்டுக்குத் தெரிந்த பாஸ்போர்ட் எண். மூத்தவளுக்கு அது முதல் பாஸ்போர்ட்டின் எண். இரண்டாவதையோ மூன்றாவதையோ கொடுத்தால் 'பதிவு இல்லை' என்றுதான் வரும். உடனே ஓசிஐ ரத்தாகிவிட்டது என்று பதற வேண்டாம். பதிவு திறந்த பிறகு, புது பாஸ்போர்ட் விவரம் கேட்கும் கட்டத்தில் நேராக மூன்றாவதைக் கொடுங்கள். நடுவில் உள்ளதற்குத் தனி விண்ணப்பம் தேவையில்லை. அதன் நகல் இருந்தால் பழைய பாஸ்போர்ட் கோப்போடு சேர்த்து ஒரே பிடிஎஃப் ஆக்கி ஏற்றுங்கள்.

தேதி விஷயத்தில் கவனம். அமெரிக்காவில் மாதத்தை முன்னால் எழுதிப் பழகிய கை அப்படியே போகும். இந்தத் தளத்தில் நாள், மாதம், ஆண்டு என்ற வரிசை. மார்ச் 5-ஐ 03/05 என்று போட்டால் அது மே 3 ஆகிவிடும், பாஸ்போர்ட் நகலோடு ஒத்துப்போகாமல் திரும்பி வரும். பாஸ்போர்ட் எண்ணில் ஆங்கில எழுத்து ஓவையும் சுழியத்தையும் ஒரு தடவைக்கு இரண்டு தடவை பாருங்கள்.

எந்த அலுவலகம் என்று கேட்கும் இடத்தில் நியூயார்க் இந்தியத் துணைத் தூதரகம். நியூ ஜெர்சி அதன் எல்லைக்குள் வருகிறது. கார்டை முதலில் எங்கே எடுத்தீர்கள் என்பது பொருட்டல்ல, இப்போது எங்கே குடியிருக்கிறீர்கள் என்பதுதான் கணக்கு.

திருநெல்வேலி பாஸ்போர்ட் சேவா கேந்திரம் மதுரை மண்டல அலுவலகத்தின் கீழ் இந்திய பாஸ்போர்ட் வேலை பார்க்கும் இடம். ஓசிஐக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. தமிழ்நாட்டுக்குள் இருந்து ஓசிஐ வேலை எதுவாக இருந்தாலும் சென்னை எஃப்ஆர்ஆர்ஓ (வெளிநாட்டவர் மண்டலப் பதிவு அலுவலகம்), நுங்கம்பாக்கம் சாஸ்திரி பவன் வளாகம். பாஸ்போர்ட் ஆபீஸில் முடித்துத் தருகிறேன் என்று ஒருவர் சொன்னாலே அவருக்கு விஷயம் தெரியாது, இல்லையென்றால் உங்களுக்குத் தெரியாது என்று நினைக்கிறார்.


வண்ணாரப்பேட்டை ஸ்கேனர் பதில்:

அண்ணாச்சி வழியைச் சொல்லிட்டாவ. நான் கோப்பு சமாச்சாரத்தை மட்டும் சொல்லுதேன், ஏன்னா பாதி விண்ணப்பம் திரும்புறது இதுல தான்.

போட்டோ: அகலமும் உயரமும் சமமா இருக்கணும், ஜேபெக் கோப்பா இருக்கணும். ஐபோன்ல எடுத்தா அது வேற வடிவத்துல சேமிக்கும், மாத்தாம ஏத்தினா தளம் எடுத்துக்காது. பின்னணி வெள்ளை வேண்டாம், வெளிர் நிறம் கேக்காங்க; வெளிர் நீலமோ வெளிர் சாம்பலோ போதும். அமெரிக்கா பாஸ்போர்ட்டுக்கு எடுத்த போட்டோவும் ரெண்டுக்கு ரெண்டு இன்ச்தான், அதனால அதையே ஏத்திப்புடலாம்னு தோணும். ஆனா அதுல பின்னணி வெள்ளை. அக்கா, மறுபடி எடுத்துருங்க. சுவத்துல ஒரு வெளிர் நீலத் துண்டைச் சுருக்கமில்லாம மாட்டி, பிள்ளையை அதுல இருந்து ரெண்டடி முன்னால நிறுத்தி, ஜன்னல் வெளிச்சம் நேரா முகத்துல விழுற மாதிரி எடுத்தா நிழல் விழாது. பளபளன்னு ஃபிளாஷ் அடிக்காதீங்க. கன்னத்துல திருஷ்டிப் பொட்டு இருந்தா துடைச்சுருங்க, நெத்தியில சின்னப் பொட்டு இருந்தா பாதகமில்ல. அச்சடிச்ச போட்டோவைத் திரும்ப போன்ல படம் எடுத்து ஏத்துறது வேண்டவே வேண்டாம், முகத்துல மினுமினுப்பு விழுந்து மங்கிப்போகும்.

இனி கையெழுத்து. சின்னவனுக்குப் பேரைக் கிறுக்கத் தெரிஞ்சா அதுவே கையெழுத்து, அழகா இருக்கணும்னு ஒண்ணும் சட்டமில்ல. அதுவும் வராதுன்னா பெருவிரல் ரேகை. அம்மாவோ அப்பாவோ போட்டுவிடக் கூடாது. இதுல ஒரு குழப்பம் வரும்: அமெரிக்கா பாஸ்போர்ட்டுல சின்னப் பிள்ளைகளுக்குப் பிள்ளை பேரை எழுதி, பக்கத்துல பெத்தவங்க கையெழுத்துப் போட்டு, உறவைக் குறிப்பாங்க. அதைப் பாத்துட்டு இங்கேயும் பெத்தவங்க கையெழுத்தை ஏத்திருதாங்க. அது வேற, இது வேற.

ரேகை எடுக்கும்போது மை டப்பாவுல விரலை அழுத்தி எடுத்து நேரா வெள்ளைத்தாள்ல வச்சா ஒரே கருப்புத் திட்டா வரும். முதல்ல ஒரு வேஸ்ட் பேப்பர்ல ஒரு ஒத்து ஒத்திட்டு, ரெண்டாவது ஒத்தை நல்ல தாள்ல வைங்க. கோடு கோடா தெரியும். அப்புறம் வெட்டுறது. கையெழுத்துக் கட்டம் ஒரு பங்கு உயரம், மூணு பங்கு அகலம். ரேகையோ நெட்டுக்குத்தா இருக்கும். அதை மட்டும் ஒட்ட வெட்டி அந்தக் கட்டத்துல திணிச்சா விரல் தோசை மாதிரி படுத்துரும். ரேகைக்கு ரெண்டு பக்கமும் வெத்துத்தாளை விட்டு, மொத்தமா ஒண்ணுக்கு மூணுன்னு வெட்டுங்க. ரேகை நடுவுல பையத் தெரிஞ்சாப் போதும்.

பிடிஎஃப்: புது பாஸ்போர்ட்டுல போட்டோ பக்கம், கையெழுத்துப் பக்கம். ஓசிஐ கார்டுன்னு சொல்ற அந்தச் சின்னப் புத்தகத்துல விவரம் உள்ள எல்லாப் பக்கமும், கடைசிப் பக்கம் சேத்து. பழைய பாஸ்போர்ட்டும் அப்படியே. ஆளுக்கு ஒவ்வொரு ஆவணமும் ஒரே கோப்பா இருக்கணும், நாலு பக்கத்தை நாலு கோப்பா ஏத்தக் கூடாது. கோப்பு பெருசா இருந்தா தளம் தள்ளிரும், 150 டிபிஐ கலர்ல ஸ்கேன் பண்ணினா எழுத்தும் தெளிவா இருக்கும், கோப்பும் சின்னதா வரும். கோப்பு பேர்ல இடைவெளி, புள்ளி, அடைப்புக்குறி எதுவும் வேண்டாம். போட்டோ பக்கத்துல அடியில ரெண்டு வரி அம்புக்குறியா வரும்லா, அது வெட்டுப்படாம இருக்கணும்.

ஒரு காரியம் அடுத்த தடவைக்கு: அமெரிக்காவுல பிள்ளை பாஸ்போர்ட்டைப் புதுப்பிக்கும்போது பழசை அனுப்பணும். அது புதுசு கூட வராது, தனிக் கவர்ல பின்னால வரும், நாலு வாரம் வரைக்கும் ஆகலாம். அனுப்புறதுக்கு முன்னாடியே எல்லாப் பக்கத்தையும் ஸ்கேன் பண்ணி வச்சுட்டா, பழசு வரலையேன்னு இந்த வேலையை நிறுத்தி வைக்க வேண்டாம்.


மேலப்பாளையம் காக்கா பதில்:

ரெண்டு பேரும் ஆவணத்தைச் சொல்லிட்டாங்க. பயணத்தன்னைக்கு என்ன நடக்கும்னு நான் சொல்றேன்.

திருவனந்தபுரத்துக் குடியேற்ற அதிகாரிக்குக் கணினியில் பதிவு தெரியும். சள்ளை வருவது அங்கே இல்லை, நியூவர்க்கில் பெட்டி போடும் இடத்தில். அங்கே நிற்பவர் விமான நிறுவனத்து ஆள். தகுதியில்லாதவரை ஏற்றி வந்தால் நிறுவனத்துக்கு அபராதம், திருப்பிக் கொண்டுபோகும் செலவும் அவர்கள் தலையில். அதனால் பாஸ்போர்ட்டில் ஒரு நம்பர், ஓசிஐ கார்டில் வேறு நம்பர் என்று பார்த்தவுடன் மேலாளரைக் கூப்பிடுவார். பழைய பாஸ்போர்ட்டைக் கூடவே கொண்டுவர வேண்டும் என்ற கட்டாயத்தை இந்திய அரசு 2021-லேயே எடுத்துவிட்டது. ஆனாலும் கொண்டுபோங்க. கார்டில் இருக்கும் நம்பரும், ரத்து செய்து துளை போட்ட பழைய பாஸ்போர்ட் நம்பரும், அதில் உள்ள பெயரும் பிறந்த தேதியும் புது பாஸ்போர்ட்டோடு ஒத்துப்போவதை ஒரு நிமிஷத்தில் காட்டிவிடலாம். சட்டத்தை எடுத்து விளக்குவதைவிட அது சுளுவு.

உங்கள் மூத்தவளுக்கு முதல் பாஸ்போர்ட்தான் முக்கியம், ஏனென்றால் கார்டில் உள்ளது அதன் நம்பர். இரண்டாவதையும் வைத்துக்கொள்ளுங்கள். ஆளுக்கு ஒரு கவர்: புது பாஸ்போர்ட், பழையவை, ஓசிஐ கார்டு, பதிவேற்றிய விண்ணப்பத்தின் அச்சு, வந்திருந்தால் ஒப்புகை மின்னஞ்சலின் அச்சு. போனில் இருக்கிறது என்று விட்டுவிடாதீர்கள், வரிசையில் நிற்கும்போது சின்னவன் அந்த போனில் விளையாடிக்கொண்டிருப்பான். எல்லாம் கைப்பையில் இருக்கட்டும். திரும்பிப் போகும்போதும் குடியேற்றத்தில் ஓசிஐ காட்ட வேண்டும், ஊருக்கு வந்ததும் பீரோவில் பூட்டிவிட்டு மறந்துவிடக் கூடாது.

இன்னொன்று யாரும் கேட்காதது: டிக்கெட் எப்போது எடுத்தீர்கள்? புது பாஸ்போர்ட் வருவதற்கு முன்னாலேயே எடுத்திருந்தால் சின்னவனுக்கு அந்த முன்பதிவில் பழைய நம்பர்தான் ஏறியிருக்கும். விமான நிறுவனத் தளத்தில் பயணி விவரத்துக்குள் போய்ப் புது நம்பரையும் காலாவதித் தேதியையும் மாற்றுங்கள். வீட்டிலிருந்தே செக்-இன் செய்யும்போது பிள்ளைகளுக்கு மட்டும் போர்டிங் பாஸ் வராமல் 'விமான நிலையத்தில் ஆவணம் காட்டுக' என்று நிற்கலாம். அதில் பயப்பட ஒன்றுமில்லை, ஆனால் வழக்கத்தைவிட ஒரு மணி நேரம் முன்னால் போங்கள்.


கல்லிடை அப்பளம்:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. டிக்கெட்டில் பழைய நம்பர்தான் இருந்துச்சு காக்கா, இப்பவே மாத்திட்டேன்.

ரெண்டு சந்தேகம் கூட. அண்ணன் மகளும் எங்களோட வாரா, அவளுக்கு 21. எட்டு வயசில் எடுத்த ஓசிஐ, 16 வயசில் எடுத்த பாஸ்போர்ட். அவ கார்டை மாத்தணுமா? அப்புறம் டெக்சாஸிலிருந்து தங்கை வாரா, அவ பிள்ளைக்கு மூணு மாசம், இனிமேதான் பாஸ்போர்ட்டே வரணும். அதுக்கு ஓசிஐ இந்த ஜூனுக்குள்ள கிடைக்குமா?


குறுக்குத்துறை படித்துறை:

அண்ணன் மகளுக்கு இப்போது கார்டு மாற்றும் வேலை இல்லை. வயது 20 தாண்டினாலே மாற்ற வேண்டும் என்பது தவறான புரிதல். 20 நிறைந்த பிறகு புது பாஸ்போர்ட் எடுக்கும்போதுதான் அந்த ஒரு முறை மறுவழங்கல். அமெரிக்காவில் 16 வயதில் எடுத்த பாஸ்போர்ட் பத்து ஆண்டு செல்லும், எனவே 26 வயதில் அடுத்தது எடுக்கும்போது பார்த்துக்கொள்ளலாம். இடையில் பாஸ்போர்ட் தொலைந்தோ கிழிந்தோ புதிதாக எடுத்தால் அப்போதே மாற்ற வேண்டும். அவள் 16 வயதில் எடுத்ததை அன்றைக்கு ஓசிஐயில் சேர்த்தார்களா என்று கேளுங்கள். சேர்க்கவில்லை என்றால் காக்கா சொன்னபடி பழைய பாஸ்போர்ட்டும் கையில் இருக்கட்டும்.

மறுவழங்கலுக்கு வெளிநாட்டில் 25 டாலர், இந்தியாவில் எஃப்ஆர்ஆர்ஓ வழியாக 1,400 ரூபாய். தொலைந்த அல்லது சிதைந்த கார்டுக்கு 100 டாலர், இங்கே 5,500 ரூபாய். தொலைந்ததற்குக் காவல்துறைப் புகார் நகலும் வேண்டும். ஊரில் இருக்கும்போது தொலைந்தால் அன்றைக்கே புகார் கொடுத்துவிடுங்கள், கிளம்பும் நாளுக்கு முதல் நாள் தேடினால் சென்னைக்கு ஓட நேரம் இருக்காது.

கைக்குழந்தைக்கு ஜூனை நம்பாதீர்கள். புதிய ஓசிஐ முற்றிலும் வேறு விண்ணப்பம். வெளிநாட்டில் 275 டாலர், குழந்தையின் பிறப்புச் சான்றிதழ், பெற்றோர் பாஸ்போர்ட்டுகள், இருவரும் கையெழுத்திட்ட ஒப்புதல் படிவம், பெற்றோரில் யாராவது அமெரிக்கக் குடியுரிமை பெற்றிருந்தால் இந்திய பாஸ்போர்ட்டை ஒப்படைத்ததற்கான சான்று, இத்தனையும் கேட்பார்கள். பெரும்பாலும் சிக்குவது பிறப்புச் சான்றிதழில். நம் ஊர்ப்பக்கம் பாதிப்பேர் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் கட்டம் காலியாக இருக்கும். ஆஸ்பத்திரியில் படிவம் நிரப்பும்போது தகப்பன் பெயரை அதில் போட்டுவிடுவார்கள், இல்லை ஒரே பெயரை இரண்டாக உடைப்பார்கள். பாஸ்போர்ட்டில் சுப்புலட்சுமி, பிறப்புச் சான்றிதழில் சுப்பு தனி, லட்சுமி தனி. இதைத் திருத்தவே மாதங்கள் போகும். தங்கையை முதலில் சான்றிதழையும் பாஸ்போர்ட்டையும் பக்கத்தில் வைத்து எழுத்தெழுத்தாகப் பார்க்கச் சொல்லுங்கள்.

இந்தப் பயணத்துக்குக் குழந்தைக்கு ஈ-விசா (இணையத்திலேயே விண்ணப்பித்து வாங்கும் விசா) போதும். இந்தியன்விசாஆன்லைன் டாட் ஜிஓவி டாட் இன், வேறு எங்கும் வேண்டாம். தாயின் பாஸ்போர்ட்டோடு சேர்த்துக் குழந்தைக்கு விசா கிடையாது, தனி பாஸ்போர்ட், தனி விண்ணப்பம். பாஸ்போர்ட் ஆறு மாதம் செல்லுபடியாக இருக்க வேண்டும், இரண்டு பக்கம் வெறுமையாக இருக்க வேண்டும். 30 நாள் சுற்றுலா ஈ-விசாவுக்கு வருகைக்கு 30 நாள் முன்னால்தான் விண்ணப்பம் திறக்கும். ஓராண்டு, ஐந்தாண்டு வகைக்கு 120 நாள் முன்னால். எதுவானாலும் குறைந்தது நான்கு நாள் இடைவெளி வேண்டும். ஈ-விசாவில் எல்லா விமான நிலையத்திலும் இறங்க முடியாது, ஆனால் திருவனந்தபுரம், மதுரை, திருச்சி, கோவை, சென்னை எல்லாம் பட்டியலில் இருப்பதால் நமக்குக் குறையில்லை.

ஓசிஐ இருக்கிற பிள்ளைக்கு 'எதற்கு வம்பு' என்று ஈ-விசா எடுக்கப் போகாதீர்கள். ஓசிஐ என்பதே ஆயுள் முழுவதற்கும் உள்ள விசா.


தென்காசி சாரல் கேட்டது:

சிங்கப்பூரில் இருந்து. மகனுக்கு 15. ஓசிஐயில் அவன் பெயர் மட்டும். இப்ப வந்த பாஸ்போர்ட்டில் பெயருக்குப் பின்னால் எங்க குடும்பப் பெயரும் சேர்ந்திருக்கு. இதுக்கும் அதே இலவசப் பதிவேற்றம் செல்லுமா? கடையநல்லூர், தென்காசிப் பக்கத்து ஆட்கள் இங்கே நிறைய, பல பேருக்கு இதே கேள்விதான்.


குறுக்குத்துறை படித்துறை:

செல்லாது. இலவசப் பதிவேற்றம், பாஸ்போர்ட் எண்ணும் போட்டோவும் மட்டும் மாறியிருக்கும்போது. பெயரில் ஒரு சொல் கூடினாலும் அது சொந்த விவர மாற்றம், கார்டையே மறுபடி வழங்க வேண்டும். நாட்டுரிமை மாறினாலும் இதே கதைதான். 25 டாலர் கட்டணம், பெயர் மாற்றியதற்கான சட்டப்படியான ஆவணம், 18 வயதுக்கு உட்பட்டவன் என்பதால் பெற்றோர் இருவர் ஒப்புதல். ஒருவர் ஊரிலும் ஒருவர் சிங்கப்பூரிலும் இருந்தால் ஊரில் இருப்பவர் நோட்டரி முன் கையெழுத்திட்டு அனுப்ப வேண்டியிருக்கும், அதற்கும் நாள் வையுங்கள். விவாகரத்தானவர்களுக்கு ஒருவர் கையெழுத்தால் முடியாது, பிள்ளை யார் பொறுப்பில் என்ற நீதிமன்ற உத்தரவும் இணைக்க வேண்டும்.

தெரியாமல் இலவச வழியில் ஏற்றிவிட்டால் பல வாரம் கழித்துத்தான் 'விவரம் பொருந்தவில்லை' என்று திரும்பும். அந்த வாரங்கள்தான் நஷ்டம். பயணம் பக்கத்தில் இருந்தால் உங்கள் இந்தியத் தூதரகத்துக்கு எழுதிக் கேட்டுவிட்டு டிக்கெட் எடுங்கள், பெயர் வேறுபாட்டை விமான நிறுவன ஆள் லேசில் விடமாட்டார்.


மேலப்பாளையம் காக்கா:

சிங்கப்பூர் ஆட்களுக்கு ஒன்று. பிள்ளைக்கு 16 வயதுக்குக் கீழே ஐந்தாண்டு பாஸ்போர்ட், அதற்கு மேல் இப்போது பத்தாண்டு. 15 வயதில் எடுத்தால் 20-ஐ ஒட்டி முடியும். 20 நிறைவதற்கு ஒரு மாதம் முன்னால் புதுசு எடுத்தால் இலவசப் பதிவேற்றம், கார்டு மாற்றம் அடுத்த பாஸ்போர்ட்டுக்குத் தள்ளிப்போகும். ஒரு மாதம் பின்னால் எடுத்தால் உடனே மறுவழங்கல். எது வசதி என்று அப்போது பார்த்துக்கொள்ளுங்கள். சின்ன வயது போட்டோவோடு 30 வயது வரை அந்தக் கார்டைக் காட்டிக்கொண்டிருப்பதைவிட, பின்னால் எடுத்து முகத்தை மாற்றிவிடுவதே மேல் என்பது என் கருத்து.


வண்ணாரப்பேட்டை ஸ்கேனர்:

கல்லிடை அக்காவுக்கு ரெண்டே ரெண்டு. மொட்டைத்தலை போட்டோவைப் பத்திக் கவலைப்படாதீங்க, கார்டுல அதுதான் இருக்கும், பதிவேட்டுல புதுசு ஏறிரும். விண்ணப்பம் அனுப்பினதும் வர்ற எண்ணை எழுதி வைங்க, அந்த எண்ணை வச்சுத்தான் தளத்துல நிலவரம் பாக்க முடியும். ஒப்புகை மின்னஞ்சல் பாதி நேரம் ஸ்பேம்ல போய்க் கிடக்கும், அங்கேயும் ஒரு கண்ணு வைங்க. ரெண்டு பிள்ளைக்கும் ஒரே மின்னஞ்சல் முகவரி கொடுத்தாலும் விண்ணப்பம் தனித்தனிதான், ஒண்ணு வந்து இன்னொண்ணு பிந்தினா பதறாதீங்க.

அப்புறம் முண்டந்துறை, பாபநாசம் பக்கம் பிள்ளைகளைக் கூட்டிட்டுப் போனா கார்டைக் கையில வச்சுக்கோங்க. சரணாலயம், தேசியப் பூங்கா, அருங்காட்சியகம், புராதனச் சின்னம் எல்லாத்துலயும் ஓசிஐக்காரங்களுக்கு இந்தியருக்கு உள்ள நுழைவுக் கட்டணம்தான். சீட்டுக் குடுக்குறவர் அமெரிக்கா பாஸ்போர்ட்டை மட்டும் பாத்தா வெளிநாட்டுக் கட்டணம் போட்டுருவாரு.